மிக்ஸி வேண்டாம், நைனாவின் நெபுலைசரும் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் நீயும் நைனாவும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்.

நீங்கள் இங்கே வரும்போது பெட்டியில் மிக்ஸி வைக்காதே. நம்ம தண்டையார்ப்பேட்டை வீட்டில் 230 வோல்ட், இங்கே கனடாவில், டொராண்டோவில் சுவரில் வருவது 120தான். தம்பி பர்மா பஜாரில் வாங்கிவந்த அடாப்டர் இங்குள்ள ஓட்டையில் பின் நுழைய வழி செய்யுமே தவிர வோல்ட்டை மாற்றாது. மாட்டினால் மிக்ஸி முனகும், தேங்காய் அரையாது, மோட்டார் சூடாகி வீணாகும். நம்ம ஊர் கம்பெனி மிக்ஸியே 110 வோல்ட்டில் இங்கே கிடைக்கிறது, வாங்கி வைத்துவிட்டேன். வெந்நீர் குழாயிலேயே வரும், ஹீட்டர் ராடும் வேண்டாம்.

எனக்குக் கவலையெல்லாம் மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நைனாவின் நெபுலைசர்தான். மிக்ஸி ஓடாவிட்டால் ஒரு நாள் சட்னி இல்லை, அவ்வளவுதான். நடுராத்திரியில் அவருக்கு மூச்சு வாங்கும்போது அந்த மெஷின் சரியாக ஓடியே ஆகவேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் அடியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருக்கிறது. ஹெர்ட்ஸ் என்றால் கரண்ட் ஒரு வினாடியில் எத்தனை தடவை அலைபோல ஏறி இறங்குகிறது என்ற கணக்கு, இங்கே அது 60. வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டி கிடைக்கும், ஆனால் அது ஹெர்ட்ஸை மாற்றாது, நைனாவின் மூச்சை அதை நம்பி விடமுடியாது. இந்த ஊர் கரண்டுக்கானதாகவே ஒன்று வாங்கி, அவர் படுக்கப்போகும் அறையில் வைத்து ஓட்டியும் பார்த்துவிட்டேன். மருந்தை மட்டும் டாக்டர் சீட்டோடு கைப்பையில் எடுத்து வாருங்கள், பெரிய பெட்டியில் போடவே கூடாது. பிபி மெஷின் பேட்டரியில் ஓடுவது, தாராளமாகக் கொண்டுவரலாம்.

போன் சார்ஜருக்குப் பயமில்லை. அதன் மேல் பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், தம்பி டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அப்படி இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்கவேண்டும், விமானத்தில் லக்கேஜில் போட விடமாட்டார்கள். 20,000 எம்ஏஹெச் வரை பிரச்சினை இல்லை.

அப்புறம், இங்கே பிளக் பாயின்ட்டில் சுவிட்சே கிடையாது. நீ வேலை முடிந்ததும் டக்கென்று சுவிட்சைத் தட்டுவாயே, அது இங்கே நடக்காது, எப்போதும் கரண்ட் இருக்கும். ஈரக்கையோடு தொடாதே, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்று. சமையலறைத் தொட்டிப் பக்கத்துப் பாயின்ட்டில் இரண்டு பொத்தான் இருக்கும், டெஸ்ட், ரீசெட் என்று. கரண்ட் கசிந்தால் அதுவே கட் ஆகிவிடும், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அழுத்திக் காட்டுவார்.

பாப்பா கேட்ட முடி நேராக்கும் மெஷினை இங்கே பார்த்தேன். 120 மட்டும் போட்டதை நம்ம வீட்டில் மாட்டினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு கரண்ட் சக்தி ஏறிக் கருகிவிடும், அதனால் 100-240 போட்டது கிடைத்தால்தான் வாங்குவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

வேறு என்னென்ன மெஷின் எடுத்து வைத்திருக்கிறாயோ, எல்லாவற்றின் அடிப்பக்கத்தையும் தம்பியைப் போட்டோ எடுத்து இன்றே அனுப்பச் சொல். பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் பெட்டியைக் கட்டு.

அன்புடன்,
உன் மகள்