மொகஞ்சதாரோ தெரு மாதிரி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலக முன்கூடத்தில் அமைக்கத் தீர்மானித்த, பழைய சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவின் மாதிரி வேலை முடிந்து, பார்வைக்குத் திறந்தாயிற்று.

நன்கொடை தந்த பலர் அந்நகரின் பெருங்குளத்தை எதிர்பார்த்தீர்கள். 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம், கசியாமலிருக்க நிலக்கீல் பூச்சு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகம் தோறும் அந்தப் படம் இருக்கிறது. அந்த ஊரை வகுத்தவர்களின் மூளை தெரிய வேண்டுமென்றால் சாதாரண வீட்டுக் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்பது குழுவின் எண்ணம். ஆகவே ஒரு பெருந்தெரு, ஒரு சந்து, மூன்று வீடுகள், ஒரு கிணறு, அவ்வளவே.

அளவு இருபதில் ஒரு பங்கு. சுமார் 9 மீட்டர் அகலப் பெருந்தெரு இங்கே 45 சென்டிமீட்டர். செங்கல்லில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே வீட்டுச் செங்கல் 7, 14, 28 சென்டிமீட்டர், அதாவது 1:2:4. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹரப்பாவிலும் இதே விகிதம். நம் கல் 1.4 சென்டிமீட்டர் நீளம். அச்சு வெட்டி, சுட்டு எடுத்தோம். கிணற்றுக்கு ஆப்பு வடிவக் கல்லாக வேறு அச்சு. சுற்றிலும் மண் நெருக்க நெருக்க அந்தக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும், உள்ளே சரியாது. மொகஞ்சதாரோவில் இப்படி 700 கிணறுகள் வரை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் மைக்கேல் யான்சன் மதிப்பிட்டார்.

வடிகால்தான் அதிக நேரம் பிடித்தது. குளியல் தளம் ஒரு மூலை நோக்கிச் சரிய வேண்டும், நீர் சுவரைத் தாண்டிச் சந்து வடிகாலில் விழ வேண்டும், அது பெருந்தெருவில் சேர வேண்டும். இடையே கசடுக்குழி, மூடியைத் தூக்கி வண்டலை அள்ளலாம். வாட்டம் சரியாக வரும்வரை கொத்தனாரை விடவில்லை. இப்போது மேல் வீட்டில் ஒரு டம்ளர் ஊற்றினால் எங்கும் தேங்காமல் கடைசிக் குழிக்கு வந்துவிடுகிறது. வாசல்கள் பெருந்தெருவைப் பார்க்காமல் சந்துப் பக்கம் இருப்பது ஏன் என்று சிலர் கேட்டார்கள். அங்கே பெரும்பாலான வீடுகள் அப்படித்தான்.

பக்கத்திலேயே கீழடி உறைகிணற்றையும் வைக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் தளர்ந்துவிட்டன. கீழடி அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. ஒரே மேசையில் வைத்தால் பார்ப்பவர்கள் சமகாலம் என்றே நினைப்பார்கள். அதற்குத் தனி மேசை போடலாம், பணம் சேரட்டும்.

வரவு செலவு விவரம் தணிக்கை முடிந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மீதித் தொகை பராமரிப்புக் கணக்கில் இருக்கிறது. பிள்ளைகள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், கண்ணாடி போடவில்லை. அப்புறம், கசடுக்குழியை வாரம் ஒருமுறை துடைக்க இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் நூலகரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு