ஓடிப்போய்க் களை பறிக்கிறோம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்த தமிழ் இதற்குப் போதும். அவசரப்படாமல் படி.

போன வாரம் நீ சொன்ன ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. லீட்ஸுக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது, வேலை முடிந்ததும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், ஆனால் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் 26 வருஷம் நானும் இந்த ஊரில் அப்படித்தான் இருந்தேன். வீடு, பள்ளிக்கூடச் சமையலறை வேலை, ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் காய்கறி, வெள்ளிக்கிழமை முருகன் கோயில். அதைத் தாண்டிய ஈஸ்ட் ஹாம், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர், அவ்வளவுதான்.

சித்திரையிலிருந்து வாரம் ஒரு மாலை நான் ஓடப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆரம்பித்தது அதற்காகத்தான். ஆனால் ஓடிப்போய் அங்கே என்ன செய்கிறோம் என்பதை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் குட்ஜிம். ஐவோ கார்ம்லி என்பவர் இந்தக் கிழக்கு லண்டனில்தான் இதை ஆரம்பித்தார். ஜிம்மில் ஒரே இடத்தில் நின்று ஓடுகிற பட்டையின் மேல் மனிதர்கள் இவ்வளவு சக்தியைக் கொட்டுகிறார்களே, அதே தெருவில் ஆள் இல்லாமல் எத்தனை வேலை கிடக்கிறது என்பது அவருடைய எண்ணம். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதும் இதில் உண்டு. அப்படிப் போய்ப் பார்க்கிற பெரியவருக்கு ஆரம்பத்தில் அவர்கள் வைத்த பெயர் 'கோச்', அதாவது பயிற்சியாளர். அவருக்காகத்தானே நாம் ஓடுகிறோம், அப்படியானால் நம்மை ஓட வைப்பவர் அவர்தானே! இதைக் கேட்ட அன்றே எனக்கு இந்தக் கூட்டம் பிடித்துப்போயிற்று. உதவி வாங்குகிறவரை ஒரு படி மேலே உட்காரவைத்துவிட்டார்கள் பார்.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற வேலைகளில் பெரும்பாலானவை தோட்ட வேலை. மாலை ஆறே முக்காலுக்குக் கூடுவோம். சிவப்பு டி-ஷர்ட். கை காலை உதறிக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடுவோம், முக்கால் மணி நேரம் வேலை செய்வோம், திரும்ப ஓடி வருவோம். ஓட முடியாதவர்கள் நடந்து வருவார்கள். முதல் இரண்டு மாதம் நானும் நடந்துதான் போனேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதல் நாள் போன இடத்தைச் சொல்கிறேன். நாலு மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். ஒரு காலத்தில் பாத்தி கட்டி, பெஞ்சு போட்டு, யாரோ ஆசையாக வைத்திருந்த தோட்டம். நாங்கள் போனபோது பெஞ்சின் முதுகுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் பிராம்பிள் முள். அதற்குள் ஒரு குழந்தையின் சைக்கிள், ஈர மெத்தை, பாட்டில்கள். சுற்றிலும் எத்தனையோ ஜன்னல்கள், எல்லாம் அந்தக் குப்பையைப் பார்த்தபடி.

ஏன் இப்படி விட்டார்கள் என்று கேட்டேன். தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரு அம்மாள் சொன்னார்: இங்கிலாந்தில் குப்பை அள்ளுவது உள்ளூர் கவுன்சிலின் சட்டப்படியான கடமை, ஆனால் பூங்காவைப் பராமரிப்பது அப்படி இல்லை. கையில் காசு குறைந்தால் முதலில் கை வைப்பது பூங்காவில்தான். 2010-க்குப் பிறகு அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்ட வெட்ட, தோட்டக்காரர்கள் குறைந்தார்கள். பெரிய பூங்காக்களாவது கண்ணில் படும், யாராவது குரல் கொடுப்பார்கள். இந்த மாதிரி மூலைத் துண்டுகளுக்காக யாரும் பேசுவதில்லை. இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை நாம் ஏன் சும்மா செய்துகொடுக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எழுதிக் கேட்பதையும் விடவில்லை நாங்கள். ஆனால் பதில் வரும்வரை அந்தக் குழந்தைகள் மெத்தையையும் முள்ளையும் பார்த்துக்கொண்டே வளரவேண்டுமா?

அன்று எனக்குக் கிடைத்த வேலை மரச்சில்லு அள்ளுவது. மரம் வெட்டுகிறவர்கள் கிளைகளை மெஷினில் போட்டு அரைத்து லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். ஆள் உயரக் குவியல். நல்ல குளிர், விரல் மடங்கவில்லை. மண்வெட்டியைக் குவியலின் வயிற்றில் குத்தி இழுத்தேன் பார், உள்ளேயிருந்து புகைபோல ஆவி எழுந்தது! பயந்து பின்னால் நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தபடி, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே கைவைத்துப் பார்க்கச் சொன்னான். இளஞ்சூடு. பச்சை மரம் மக்க ஆரம்பித்தால் உள்ளுக்குள் சூடு பிறக்குமாம். அந்த வாசனையும் ஆவியும் சேர்ந்து, ஆயா வீட்டுக் கொல்லையில் நெல் அவித்து அண்டாவைக் கவிழ்க்கும் விடிகாலைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மாயவரத்தை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் லண்டன் மண்ணில் கைவைத்தது அன்றைக்குத்தான்.

சில்லைப் பரப்புவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நம் ஊரில் மூடாக்குப் போடுவார்களே, அதேதான். நாலு விரல் கனத்துக்கு விரித்தால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது, மண்ணில் ஈரம் நிற்கும். ஆனால் மரத்தின் அடியோடு ஒட்டிக் குவிக்கக்கூடாது. பட்டை அழுகிவிடும், சுற்றி ஒரு சாண் விடவேண்டும்.

களை பறிப்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். பைண்ட்வீட் என்று ஒரு கொடி, வெள்ளையாகப் புனல் மாதிரி பூக்கும். பார்த்தால் பறிக்க மனசு வராது, ஆனால் எதன்மேல் ஏறினாலும் சுற்றி நெரித்துவிடும். நான் வேகமாக மண்வெட்டியால் கொத்தித் தள்ளினேன். அந்த அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தார். அதன் வேர் வெள்ளையாக, நூடுல்ஸ் மாதிரி இருக்கும்; ஒடிந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. நம் வயலில் கோரைக்கிழங்கை வெட்டினால் என்ன ஆகுமோ அதே கதை. பல் வைத்த இரும்பு முள்ளால் மண்ணை நெம்பி, நூல் பிரிப்பதுபோல முழுசாக உருவவேண்டும். அன்று நான் கொத்திய பாத்தியில் ஒரு மாதம் கழித்து எங்கு பார்த்தாலும் துளிர். அடுத்த நாலு வாரமும் வேறு யாரையும் விடாமல் நானே மண்டிபோட்டு உட்கார்ந்து அதை எடுத்தேன்.

எதையெல்லாம் தொடக்கூடாது என்பதையும் சொல்லித்தந்தார்கள். பிராம்பிள் புதரை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை பெரிதாக வெட்டமாட்டோம், உள்ளே குருவிகள் கூடு கட்டியிருக்கும். நெட்டில் என்று ஒன்று, பட்டால் நம்மூர்ச் செந்தட்டி மாதிரி அரிக்கும். அதைக்கூட ஒரு மூலையில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். ரெட் அட்மிரல், பீகாக் என்று இரண்டு அழகான வண்ணத்துப்பூச்சிகள் அந்த இலையில்தான் முட்டையிடும். ஆடி மாதம் அந்த மூலையில் கருகருவென்று புழுக்கள் இலையைத் தின்பதைக் குடியிருப்புக் குழந்தைகள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை, "ஆன்ட்டி, இது கடிக்குமா?" என்றாள். எட்டு வயதில் நீ கேட்கிற அதே தொனி.

அப்புறம் அந்த ஓட்டம். வழக்கமாக கிரீன்வே மேலே ஓடுவோம். உனக்குத் தெரியும், சைக்கிள் பழகிய பாதை. அதன் அடியில் என்ன ஓடுகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் பார்லிமென்டே தவித்ததாம். அதற்குப் பிறகு ஜோசப் பசால்ஜெட் என்ற இன்ஜினியர் கட்டிய பெரிய கழிவுநீர்க் குழாய் அது. இன்றைக்கும் அந்தக் குழாய் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நாங்கள் அதன் முதுகின் மேல் ஓடுகிறோம். இருட்டில் எல்லோர் நெற்றியிலும் விளக்கு. வேகமாக ஓடுகிறவர்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து கடைசி ஆளோடு சேர்ந்துகொள்வார்கள். அதனால் யாரும் கடைசி ஆள் இல்லை. நீ தனியாக ஓடும்போது உன் நேரம் குறைகிறதா என்று வாட்சைப் பார்ப்பாய். இங்கே ஆறு பேர் மண்வெட்டியோடு காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும், கால் தானாகப் போகும். மழை பெய்தாலும் போவேன். உடம்புக்காக மட்டும் என்றால் இரண்டாவது மழைக்கே நின்றிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

தாத்தா சொல்வார், அவர் சின்ன வயதில் ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வந்துவிடவேண்டுமாம். குடிமராமத்து என்பார்கள். வராத வீட்டை ஊர் கேள்வி கேட்கும். அந்தப் பழக்கம் போய் வாய்க்காலும் தூர்ந்ததை நானே பார்த்தேன். ஊரை விட்டுவந்ததோடு எனக்கும் அதற்கும் சம்பந்தம் முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை எங்களில் சிலர் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் கல்லறைப் பூங்காவைப் பார்க்கப் போனோம். 1841-இல் திறந்த இடுகாடு. 1966-இல் புதைப்பதை நிறுத்தியபின் காடாகப் போயிற்று. 1990-இல் அக்கம்பக்கத்து மக்கள் ஒரு நண்பர்கள் குழு அமைத்துக் கையில் எடுத்தார்கள். இப்போது சாய்ந்த கல்லறைக் கற்களுக்கு நடுவே பெரிய மரங்கள், காட்டுப்பூக்கள், சின்னக் குளங்கள். முப்பது வருஷம் விடாமல் கை பட்டால் ஒரு இடம் எப்படி ஆகும் என்று கண்ணால் பார்த்தேன். எங்கள் துண்டு நிலத்துக்கு இப்போதுதான் ஏழு மாதம்.

அப்பா இன்னும் வரவில்லை. ராத்திரி ஷிஃப்ட், பாவம். ஆனால் புதன்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தால் சேறு அப்பிய என் ஷூவைக் கழுவித் துணியால் துடைத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்திருப்பார். எதுவும் சொல்லமாட்டார்.

தம்பி, உன்னை நான் வற்புறுத்தவில்லை. நீ ஓடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. லீட்ஸிலும் குட்ஜிம் இருக்கிறது, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் போய்ப் பார். அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் பரவாயில்லை, சனிக்கிழமை பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடுகிற பார்க்ரன் முடிந்ததும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பக்கத்தில் கவனிக்க ஆளில்லாத ஒரு மூலையைத் தேடுங்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர்களிடம் கேட்டுவிட்டு மட்டும் கைவையுங்கள். ஸ்வீடனில் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிறார்களாம், 'பிளாகிங்' என்று பெயர், அதற்கு ஒரு பையும் கையுறையும் போதும். எதுவானாலும் சரி, முதல் நாள் மட்டும் அந்தப் பாட்டைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் போ.

நேற்று டாஃபடில் கிழங்கு நட்டோம். கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் வரும் என்றார்கள். கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே பார்க்க. பெஞ்சுக்கு இடதுபக்கம் இருக்கும் வரிசை முழுக்க நான் வைத்தது. பங்குனியில் பூத்திருக்கும். அப்போது இரண்டு நாள் லீவு போட்டு வா, உனக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கி வைக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் நெற்றியில் கட்டிக்கொண்டு ஓடுவது உன் பள்ளி முகாமுக்கு வாங்கிய விளக்குதான். உன் அலமாரியில் கிடந்தது. பட்டை தளர்ந்துபோனதால் ஊசிநூல் போட்டுத் தைத்திருக்கிறேன், இப்போது என் தலைக்குச் சரியாக இருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் வேறு புதிதாக வாங்கிக்கொள், இதை நான் தரமாட்டேன்.

அன்புடன்,
அம்மா