முழங்கால் வலிக்குச் செவிலியரின் கால் மணி நேரம்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தறிக்குழியில் இறங்கி ஏறியும், மஞ்சள் காட்டிலும் கடலைக் காட்டிலும் குத்தவைத்துக் களையெடுத்தும் வயதான கொங்கு நாட்டுப் பெண்களின் முழங்கால்கள் என்ன நிலையில் உள்ளன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் முன்வைக்கிறேன்: மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி அனுப்பப்படும் ஒவ்வொருவரிடமும், அந்நோயின் பராமரிப்பில் முறையாகப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும்.

என் அம்மாவுக்கு வயது 66. சென்னிமலைப் பக்கம் முப்பத்தைந்து ஆண்டுகள் குழித்தறியில் போர்வை நெய்தவர். சென்ற ஆண்டு வலது முழங்கால் வலி தாங்காமல் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றபோது, படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். ஊசி போட்ட செவிலியர், அம்மாவின் மேல் உள்ள பரிவில்தான், "வயசாயிருச்சுங்கம்மா, தேஞ்சது தேஞ்சதுதானுங்க. நடையைக் கொறைச்சுக்குங்க" என்றார். அந்தச் சொல் அம்மாவைக் கட்டிலில் தள்ளிவிட்டது. நடக்கச் சொல்லி நான் கெஞ்சியபோதெல்லாம், "தேஞ்ச அச்சுல வண்டி ஓட்டுனா முறிஞ்சு போயிருமல்லோ கண்ணு" என்பார். நான்கு மாதத்தில் தொடைச் சதை வற்றி, மூட்டைத் தாங்க வலுவில்லாமல், வலி முன்னைவிடக் கூடியது.

அதைவிடக் கொடுமை ஒன்று எங்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கழிப்பறை குத்தவைத்து உட்காரும் வகை. இரவில் அங்கே உட்கார்ந்தால் எழ முடியாது, மகளை எழுப்பவும் கூச்சம் என்பதால், அம்மா மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். பத்து நாள் மாத்திரை தீர்ந்த பிறகு அதே அட்டையை மருந்துக் கடையில் காட்டி வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியும் வந்திருக்கிறார். கூடவே பிரஷர் மாத்திரை. தண்ணீர் குறைந்த உடம்பில் இந்த இரண்டு மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பதை, இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்ததைக் கண்ட பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

வெளியூரில் செவிலியராகப் பணிபுரியும் என் சின்னம்மா மகள் விடுப்பில் வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி வெளிய போறதுக்கு என்ன பண்றீங்க பெரியம்மா?" என்பதுதான். அம்மா அழுதுவிட்டார். வலிக்கிற காலின் பக்கமே பிடித்திருந்த ஊன்றுகோலை அவள் இடது கைக்கு மாற்றிக் கொடுத்து, வலது காலை எடுத்து வைக்கும்போதே கோலையும் சேர்த்து ஊன்றச் சொன்னாள். நாற்காலியில் உட்காரவைத்து, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கப் பழக்கினாள். நடந்தால் மூட்டு தேயாது, தொடைச் சதை வலுத்தால்தான் மூட்டின் சுமை குறையும் என்று புரியவைத்தாள். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொன்னாள். நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைக் கழிப்பறையில் போடச் சொன்னாள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

இவை எவருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 52.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது, அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் ஆகிய மூன்றுமே சிகிச்சையின் அடிப்படை என்று பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. இம்மூன்றும் செவிலியர் கையில் இருப்பவை. ஆனால் அவர்களுக்கு நாம் கொடுத்திருப்பது பதிவேடும் கணினிப் பதிவும் ஓயாத வரிசையும்தான். அம்மாவிடம் அப்படிச் சொன்ன செவிலியரை நான் குறை கூறவில்லை; பின்னர் ஒருநாள் நடந்ததைச் சொன்னபோது, "எங்களுக்கும் யாரும் இதைச் சொல்லித் தரலீங்களே" என்று அவரே வருந்தினார். வாழ்நாள் முழுதும் உழைத்த ஒரு பெண்ணின் வலிக்கு "வயசாயிருச்சு" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லக் கற்றுத் தராத ஓர் அமைப்பின் மேல்தான் என் கோபம். ஆணின் உழைப்பு நின்றால் வீடே கவலைப்படுகிறது. அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதுகூட யாருக்கும் தெரிவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். பிரஷர் மாத்திரையோடு மாதந்தோறும் எங்கள் வாசலுக்கு வரும் தன்னார்வலர், "முட்டி வலிக்குக் கடையில மாத்திரை வாங்கித் திங்கறீங்களா? தண்ணி குடிக்கறீங்களா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டிருந்தால் அம்மாவின் சிறுநீரகம் தப்பியிருக்கும்.

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மூட்டுத் தேய்மானப் பராமரிப்பில் பயிற்சி அளிக்கவும், அந்தக் கால் மணி நேரத்தை அவர்களின் பணி நேரத்திலேயே ஒதுக்கித் தரவும் பணிவுடன் வேண்டுகிறேன். அக்டோபர் 12 உலக மூட்டழற்சி நாள். வரும் அக்டோபருக்குள் ஈரோடு மாவட்டத்தில் மட்டுமாவது இதைத் தொடங்கிவைக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
குழித்தறி நெசவாளி ஒருவரின் மகள்,
ஈரோடு மாவட்டம்