மூளை அழற்சி வெறும் எதிரியா?

ஆசிரியருக்கு,

அல்சைமர் நோய்க்கும் மூளை அழற்சிக்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அழற்சியை வெறும் எதிரியாகவே காட்டிவிட்டது. விஷயம் அவ்வளவு நேரானதல்ல. ட்ரெம்2 என்ற மரபணு, மூளையின் நோயெதிர்ப்புக் கலங்களான மைக்ரோகிளியாவின் மேலுள்ள ஓர் ஏற்பியை, அதாவது சமிக்ஞைகளை உணரும் புரதத்தை, உருவாக்குகிறது. அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலோயிட் என்ற புரதப் படிவுகளைச் சூழ்ந்து அடக்கிவைக்க அந்தக் கலங்களுக்கு இந்த ஏற்பி வேண்டும். அதைப் பலவீனப்படுத்தும் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது என்று 2013இல் ஐஸ்லாந்து ஆய்வொன்று காட்டியது. அழற்சியாக வெளிப்படும் இந்த நோயெதிர்ப்பு மிஞ்சினால் மட்டுமல்ல, குறைந்தாலும் கெடுதிதான்.

கட்டுரை வந்த கையோடு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஓர் அன்ரி, முழங்கால் வலிக்கு வாங்கிவைத்த மாத்திரையை மூளைக்கும் சேர்த்துத் தினமும் போடலாமா என்று லிப்டில் வைத்துக் கேட்டார். நப்ரொக்சன் போன்ற, அழற்சியைத் தணிக்கும் வலி மருந்துகளை இதற்கென்றே சோதித்துப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. வயிற்றுப்புண் வந்தால் அதுதான் மிச்சம். இனி இப்படியான கட்டுரைகளின் அடியில், நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் கேட்டு, வாசகர் என்ன செய்யக் கூடாது என்பதையும் நாலு வரியில் பெட்டி கட்டிப் போடுங்கள்.

வாசகர்,
கொழும்பு 06