எந்த ஆவணத்துக்கு எந்த பைண்டிங்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"அலுவலகத்துக்கு நல்ல பைண்டிங் மெஷின் ஒன்று வேண்டும், எது வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நாங்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறோம். பைண்ட் செய்து கொடுத்த பிறகு அந்த ஆவணம் என்ன பாடுபடப் போகிறது? மேசையில் விரித்து வைத்துக் குறிப்பு எழுதுவார்களா, நடுவில் நாலு தாளை மாற்றுவார்களா, கூரியரில் போகுமா, அலமாரியில் வருடக்கணக்கில் நிற்குமா? இதற்கு விடை தெரிந்தால் பைண்டிங் வகை தானாக அமைந்துவிடும். மெஷின் அதற்குப் பிறகு. மெஷினை முதலில் வாங்கிவிட்டு, எல்லா ஆவணங்களையும் அதற்குள் திணிக்கிற அலுவலகங்கள் நிறைய இருப்பதால்தான் இந்த மடல்.

முதலில் தடிமன். விசாரிக்கும்போது பலர் பக்க எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது தாள் எண்ணிக்கை. 200 பக்கத்தை இருபுறமும் அச்சிட்டால் 100 தாள். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் 100 தாள் என்றால் கிட்டத்தட்ட 10 மி.மீ. தடிமன். தாள்களைக் கோக்கும் வளையத்தின் அளவை இதைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக எடுத்தால்தான் தாள்கள் இறுகாமல் புரளும். வரைபடம், பளபளப்புத் தாள், பிரிப்பு அட்டை எல்லாம் இருந்தால் கணக்குப் போடாதீர்கள். அடுக்கித் தட்டி, ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

அடிக்கடி தாள் மாற்ற வேண்டிய ஆவணம் என்றால் காம்ப் பைண்டிங். ஏ4 நீளத்துக்கு 21 வளையம் உள்ள பிளாஸ்டிக் சீப்பு அது. மெஷினில் மாட்டி வளையங்களை விரித்து, பழைய தாளை எடுத்துப் புதியதைச் செருகி மூடலாம். பயிற்சிக் கையேடு, விலைப்பட்டியல், நாலு பேர் பார்த்துத் திருத்தி முடிக்காத வரைவு அறிக்கை இவற்றுக்கு இதைவிட மலிவான, பொறுமையான முறை கிடையாது. குறையும் உண்டு. முன்பக்கத்தை முழுசாகப் பின்னால் மடித்து வைக்க முடியாது. பையில் அழுந்தினால் வளையம் நசுங்கும். சீப்பு 51 மி.மீ. வரை கிடைக்கிறது, ஆனால் பெரிய அளவுகளில் தாள்களின் எடைக்கு வளையங்கள் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. 25 மி.மீ. தாண்டினால் இரண்டு பாகமாகப் பிரித்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. படிப்பவரின் கைக்கும் அதுதான் நல்லது.

வாடிக்கையாளர் முன்னால் வைக்கப் போகிற திட்ட முன்மொழிவு, ஆண்டறிக்கை என்றால் வைரோ. இரட்டைக் கம்பி வளையம், 360 டிகிரி திரும்பும், மேசையில் தட்டையாகப் படியும், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். இதில்தான் மெஷின் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வைரோவில் இரண்டு துளை இடைவெளிகள் உண்டு. ஓர் அங்குலத்துக்கு மூன்று துளை விழுவது 3:1. ஏ4-க்கு 34 துளை. இதற்கான வளையங்கள் 14 மி.மீ. சுமாரோடு நின்றுவிடும், அதாவது ஏறக்குறைய 120 தாள். அதற்கு மேல் 2:1 வேண்டும். ஏ4-க்கு 23 துளை, வளையம் 32 மி.மீ. வரை. 3:1 துளையில் 2:1 கம்பி போகாது. "வைரோ மெஷின்" என்று மட்டும் கேட்டு வாங்கி, முதல் தடித்த அறிக்கை வந்த அன்று கையைப் பிசைவது இதனால்தான். உங்கள் ஆவணங்களில் பெரும்பாலானவை 100 தாளுக்கு உள்ளேயே இருந்தால் 3:1 போதும். அவ்வப்போது வரும் தடித்த ஒன்றை வெளியில் கொடுத்துச் செய்துகொள்ளலாம், அதற்காக இரண்டாவது மெஷின் வேண்டாம்.

வைரோ மூடும்போது ஒரு நுணுக்கம். கம்பியின் இரு முனைகளும் சேரும் இடம் வெளியே தெரிந்தால் வேலையின் அழகு போய்விடும். பின்னட்டையை எடுத்து முன்னட்டைக்கு மேல் கவிழ்த்து வைத்துக் கோத்து மூடுங்கள்; பிறகு பின்னட்டையை அதன் இடத்துக்குத் திருப்பினால், அந்தச் சேர்க்கை கடைசித் தாளுக்கும் பின்னட்டைக்கும் நடுவில் மறைந்துவிடும். ஒருமுறை அழுத்தி மூடிய கம்பியை விரித்து மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள். பழைய வட்டம் திரும்பாது, தாள் மாட்டிக் கிழியும். எனவே பிழைதிருத்தம் முடியாத ஆவணத்துக்கு வைரோ போடாதீர்கள்.

ஒற்றைச் சுருள் போகிற ஸ்பைரல், முரட்டுக் கைகளுக்கானது. பிளாஸ்டிக் சுருள் நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். களத்தில் தூக்கிக்கொண்டு அலைகிற கையேடு, கூரியரில் போகிற புத்தகம், மாணவர் கைக்குப் போவது எல்லாவற்றுக்கும் இதுவே. வழக்கமான 4:1 இடைவெளியில் ஏ4-க்கு நாற்பத்தைந்துக்கு மேல் துளைகள் விழும். ஒரு தொந்தரவு: சுருள் சாய்வாக ஏறுவதால், விரித்து வைக்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கும். இரு பக்கத்தில் பரவும் படமோ அட்டவணையோ இருந்தால் கண்ணை உறுத்தும். அப்படிப்பட்டதற்கு வைரோ.

துளையே வேண்டாம், புத்தகம் மாதிரி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு தெர்மல். முதுகில் பசை தடவி வரும் ஆயத்த அட்டைக்குள் தாள்களை வைத்து மெஷினில் நிறுத்தினால், சூட்டில் பசை உருகி ஒட்டும். அட்டை அளவுக்குக் கணக்கு எளிது: முதுகின் ஒரு மி.மீட்டருக்குச் சுமார் 10 தாள். இதில் தாள் கழன்று விழுகிறது என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். தாள்களைத் தட்டிச் சமன் செய்யாததால் நடுத்தாள் பசையைத் தொடவே இல்லை. அல்லது ஆறுவதற்குள் திறந்து பார்த்துவிட்டார்கள். சூடாக வெளியே வந்ததை அப்படியே நிமிர்த்தி, கை படாமல் ஆற விடுங்கள். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. தட்டையாக விரியவும் விரியாது. விரிக்க வேண்டும் என்று முதுகை அழுத்துகிறவர்கள் அதை உடைத்துவிடுவார்கள்.

அச்சகத்தில் செய்யும் பர்ஃபெக்ட் பைண்டிங் இதன் அண்ணன். தாள்களின் முதுகைச் சுரண்டிப் பசை ஏற்றி அட்டை ஒட்டுவது. பசையில் இ.வி.ஏ., பி.யு.ஆர். என்று இரு வகை. இ.வி.ஏ. ஆறியவுடன் வெட்டலாம், விரைவான வேலை. ஆனால் கடும் வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவைத்தால் இளகும், கடும் குளிரில் வெடிக்கும். பி.யு.ஆர். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது, முழு பலம் பெற ஒரு நாள் ஆகும். நாளைக் காலை கூட்டத்துக்கு இன்று மாலை கேட்டால் பி.யு.ஆர். தர இயலாது என்று அச்சகத்தார் சொல்வது சாக்கு அல்ல. வருடக்கணக்கில் புரளப் போகிற, பூச்சுத் தாளில் அடித்த ஆவணத்துக்கு அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.

மெல்லிய சிற்றேடு என்றால் நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது போதும். பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்பந்தம், தணிக்கை அறிக்கை போன்றவற்றில் கவலை வேறு: இடையில் யாரும் தாளை உருவிவிடக் கூடாது. இங்கே காம்ப் போடுவது பூட்டாத பெட்டியில் பத்திரத்தை வைப்பது மாதிரி. பிளாஸ்டிக் பட்டையின் ஊசிகளைத் துளைகளில் இறக்கி, வெளியே நீண்ட முனைகளைச் சூட்டில் வெட்டி உருக்கி அடைக்கும் ஸ்ட்ரிப் பைண்டிங் இதற்குப் பொருத்தம். வெட்டித்தான் பிரிக்க முடியும், பிரித்தால் தெரிந்துவிடும்.

இனி மெஷின். விளம்பரத்தில் "500 தாள் பைண்ட் செய்யும்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது வளையம் தாங்கும் கொள்ளளவு. நேரத்தைத் தின்பதும் கை வலிப்பதும் துளையிடுவதில்தான். ஆகவே ஒரே தடவையில் எத்தனை தாள் துளைக்கும் என்று பாருங்கள், அந்த எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது மெல்லிய சாதாரணத் தாளுக்கான உச்ச அளவு. 15 என்று எழுதியிருந்தால் 12 போடுங்கள். அட்டையைத் தனியாக, ஒன்றிரண்டாக. பிளாஸ்டிக் மேலட்டையைத் தாள்களோடு சேர்த்துப் போட்டால் துளை பிசிறடிக்கும்.

ஒரு கணக்கு. 120 தாள் கொண்ட அறிக்கை, 30 பிரதி. மொத்தம் 3,600 தாள். 12, 12 ஆகப் போட்டால் 300 தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுத்து முடித்துவிடலாம். மாதத்துக்கு இருமுறை என்றால் மின்சாரத்தில் துளையிடும் மெஷினுக்குப் போய்விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கால்மிதி உள்ளதாக இருந்தால் இரு கைகளும் தாளுக்கு. கோத்து மூடும் பகுதி கையால் இயங்கினால் போதும். அதிலும் மோட்டார் கேட்பது எங்களுக்கு லாபம், உங்களுக்கு வீண்.

துளைக்கும் ஊசிகளைத் தனித்தனியாக இழுத்து நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஏ5 போன்ற அளவுகளில் தாளின் ஓரத்தில் பாதித் துளை விழும், பார்க்கச் சகிக்காது. துளைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை மாற்றும் திருகும் வேண்டும்: தடித்த புத்தகத்துக்குத் துளை சற்று உள்ளே தள்ளி விழ வேண்டும். காம்ப், வைரோ இரண்டும் செய்யும் கூட்டு மெஷின்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி டை (துளை போடும் அச்சு) இருக்கும்வரை. காம்ப் துளை நீள்சதுரம், 8 மி.மீ. நீளம், வைரோவுக்குப் பொருந்தாது. ஒரே துளையில் இரண்டையும் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. துளைத்த துணுக்குகள் விழும் தட்டை நிரம்பும் முன் கொட்டுங்கள். நிரம்பி மேலே ஏறினால் ஊசிகள் சிக்கிக்கொள்ளும். பிடி இறுகுவது போல் தெரிந்தால் மெழுகுத் தாள் ஒன்றிரண்டைத் துளைத்து எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அடுத்த ஐம்பது தாளில் கறை வரும்.

ஆவணத்தைத் தட்டச்சு செய்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கட்டும் ஓரத்தில் குறைந்தது 20 மி.மீ., பசை பைண்டிங் என்றால் 25 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். இருபுறமும் அச்சிடும்போது அந்த ஓரம் ஒற்றைப் பக்கத்தில் இடதும் இரட்டைப் பக்கத்தில் வலதுமாக மாறும். அச்சடித்த பிறகு இதை எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது.

எங்களிடம் மெஷின் பார்க்க வரும்போது உங்கள் ஆவணங்களில் மிகத் தடித்த ஒன்றையும், மிக அடிக்கடி செய்கிற ஒன்றையும், நீங்கள் பயன்படுத்தும் வெற்றுத் தாள் ஒரு கட்டையும் எடுத்து வாருங்கள். உங்கள் தாளிலேயே, உங்கள் கையாலேயே துளைத்துப் பாருங்கள். நாங்கள் ஓட்டிக் காட்டும்போது எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

அன்புடன்,
பைண்டிங் பிரிவினர்