வண்ணம் போதும், கியர் தாருங்கள்: எச்.ஓ. எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரயில் எஞ்சின்களை எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, தயாரிப்பவர்களுக்கும், தயாரிக்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரில் அல்சூர், கிருஷ்ணராஜபுரம், ஜெயநகர் என்று ஆளுக்கொரு மூலையில் தண்டவாளம் போட்டு மாதிரி ரயில் ஓட்டும் தமிழர்கள் எழுதுகிறோம். புதிய எஞ்சின் என்று நீங்கள் அறிவிக்கும்போது பெரும்பாலும் பழைய எஞ்சினின் உடலுக்குப் புது வண்ணமும் புது ஷெட் (எஞ்சின் பராமரிப்பு நிலையம்) பெயரும்தான் வருகின்றன. ராயபுரம் ஷெட்டின் வாப் 7 மின்சார எஞ்சின் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உடலைக் கழற்றினால் உள்ளே அதே அடிச்சட்டம், அதே குறைகள். உடைந்தால் மாற்றப் பாகமும் இல்லை. இந்த மடல் அந்த அடிச்சட்டத்தைப் பற்றியது.

பழைய மாதிரிகளைப் புகழ்ந்து பாடும் கூட்டம் அல்ல நாங்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய எஞ்சின்களில் மோட்டார் ஒரு சக்கரச் சட்டத்திலேயே (போகியிலேயே) உட்கார்ந்திருக்கும், மின்சாரம் எடுப்பது மற்றொன்று. தடம் பிரியும் பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டி நின்றுவிடும். வழுக்காமலிருக்கப் போட்ட ரப்பர் வளையம் இறுகி வெடிக்கும், அது இருக்கும் சக்கரம் மின்சாரமும் எடுக்காது. சக்கர விளிம்பு ஆழமாக இருப்பதால் கோட் 83 என்னும் உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஆணித் தலைகளில் தட்டிக்கொண்டே போகும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்ட அடிச்சட்டம் என்றால் தானாகவே வீங்கி விரிசல் விடும், அதற்கு மருந்தே கிடையாது. நடுவில் மோட்டார், இரு பக்கமும் பறப்புச் சக்கரம் (ஃபிளைவீல்), எல்லா அச்சுக்கும் இயக்கம், எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் என்ற இன்றைய அமைப்பு எவ்வளவோ மேல். ஊர்ந்து போகும் வேகத்தில் அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனாலும் பழையதைத் திறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கார்பன் பிரஷ்ஷை மாற்றலாம், பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைத் துடைக்கலாம், மறுபடி ஓட்டலாம். புதியதில் ஒரு கியர் வெடித்தால் மொத்த எஞ்சினும் அலமாரிக்குப் போகிறது.

அந்தக் கியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் புகார்களில் முதலில் நிற்பது அதுதான். அச்சின் இரண்டு பாதிகளும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கியரின் குழாய்க்குள் அழுத்திச் செருகப்படுகின்றன. பொருத்தம் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால் அசெட்டல் பிளாஸ்டிக் நாளடைவில் சுருங்கி, இரண்டு பற்களுக்கு நடுவே நெடுக விரிசல் விடும். ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் விடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை "டக்" என்று சத்தம், வண்டி நொண்டுவது, பிறகு அச்சு நழுவிச் சக்கரங்களின் இடைவெளி மாறிப் பாயிண்டில் தடம் புரள்வது: இந்த வரிசையில் அறிகுறிகள் வரும். ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அசெட்டலில் சூப்பர் குளூ பிடிக்காது, வழிந்து பேரிங்கை மட்டும் அடைத்துவிடும். புதுக் கியர் போட்டு, சக்கரங்களின் உள்முக இடைவெளியை 14.4 மி.மீ. அளவில் மறுபடி அமைப்பது ஒன்றே வழி.

கியரை வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எல்.இ.டி., கெப்பாசிட்டர், சின்ன மோட்டார் எல்லாம் கிடைக்கும். இந்தக் கியர் கிடைக்காது. இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் சரியான அளவு தெரிய வேண்டும். மாட்யூல் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண். 0.4 மாட்யூலில் 14 பல் கியரின் வெளிவிட்டம் 6.4 மி.மீ., 0.3 மாட்யூலில் 19 பல் என்றால் 6.3 மி.மீ. வெடித்து விரிந்த கியரை வெர்னியரில் பிடித்து இந்த 0.1 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. பல் எண்ணிக்கை, மாட்யூல், துளை விட்டம், குழாயின் நீளம் என்ற நான்கே எண்களை நீங்கள் வெளியிட்டால் போதும். கியரையே தனியாக விற்றால் இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. அளவு மாதிரிகளும் மின்சார ரயில்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. தவறான கியரை இரண்டு முறை வரவழைத்துப் பார்க்கும் வசதி இங்கே யாருக்கும் இல்லை.

அடுத்த உற்பத்தியில் அச்சு முனையை வழவழப்பாக விடாமல் வரிப்பள்ளம் போட்டு, இறுக்கத்தைக் குறையுங்கள். விரிசலின் காரணமே அதோடு போய்விடும்.

கிரீஸ் விஷயம் சின்னது. கிடங்கில் இரண்டு வருடம் கிடந்த எஞ்சினில் அது மெழுகாகிவிடுகிறது. வாங்கியவர் வேகத்தைக் கூட்ட, மோட்டார் சூடாகிறது. கியர் பெட்டியின் அடி மூடியை உடைக்காமல் கழற்றும் விதத்தைப் படத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

டி.சி.சி. பற்றி, அதாவது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக ஓட்டும் முறை பற்றி: அந்தக் கட்டளையை வாங்கும் சின்னப் பலகைதான் டிகோடர். "டிகோடர் பொருத்தலாம்" என்று அட்டையில் போட்டால் மட்டும் போதாது. டிகோடரைச் செருகும் 21 ஊசி சாக்கெட்டில், விளக்கு போன்றவற்றுக்கான துணை வெளியீடு 3, 4 ஆகியவை நேரடி மின்சாரம் தருமா, வெறும் சிக்னல் அளவா என்பது டிகோடருக்கு டிகோடர் மாறும். எஞ்சினுக்குள் இருக்கும் உங்கள் பலகை எதை எதிர்பார்க்கிறது என்று பலகையிலேயே அச்சிடுங்கள். மோட்டாரின் இரைச்சலை அடக்கப் போட்ட கெப்பாசிட்டர் எங்கே இருக்கிறது, டி.சி.சி.க்கு அதை நீக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். பழைய எஞ்சினுக்கு டிகோடர் போடுகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரை எடுத்து, எந்தப் பிரஷ்ஷுக்கும் எந்தச் சக்கரத்துக்கும் நேர் இணைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்வார்கள். இருந்தால் டிகோடர் எரிந்துவிடும். புது எஞ்சினிலும் அந்தச் சோதனை தேவைப்படும் நிலையை வைக்காதீர்கள்.

விளக்குகளில் ஒரு தவறு எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது. பெட்டிகளை இழுத்துப் போகும் எஞ்சினில், பெட்டி கோர்த்த பக்கம் சிவப்பு விளக்கு எரியாது. அது ரயிலின் கடைசிக்கு உரியது. தனி எஞ்சினாக ஓடும்போதுதான் பின்னால் சிவப்பு வேண்டும். அதனால் சிவப்பு விளக்குக்குத் தனி ஃபங்ஷன் (டி.சி.சி.யில் தனியாக அணைத்து எரியவிடும் பொத்தான்) கொடுங்கள். கூரையின் மஞ்சள் ஃபிளாஷர் ஆபத்தில் பக்கத்துத் தடத்தை எச்சரிக்கத்தான். அதுவும் தனி ஃபங்ஷனில்தான் இருக்க வேண்டும்.

இனிச் சக்கரச் சட்டம். டபிள்யூடிஎம் 2 டீசல் எஞ்சின் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு, 1962 முதல் இங்கே ஓடியது. அதன் சட்டத்தில் மூன்று அச்சுகளுக்கிடையே இடைவெளி சமமில்லை. சரக்கு ரயில் டீசல் எஞ்சினான டபிள்யூடிஜி 3ஏ-வின் சட்டம் வேறு வகை. மோட்டாரிலிருந்து அச்சுகளுக்கு இயக்கம் தரும் ஒரே கியர் கோபுரத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் ஆசையில் இரண்டுக்கும் ஒரே சமச் சட்டத்தைப் போட்டால், வண்ணம் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்? பொன்மலை ஷெட்டின் எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது வேட்டிக்குக் கீழே ஷூ போட்ட மாதிரித்தான் தெரியும்.

அகலமும் அப்படித்தான். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. நாம் ஓட்டுவதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அதை மாற்றச் சொல்லவில்லை, மாற்றினால் பாயிண்ட் யார் விற்பார்கள்? ஆனால் சக்கரம் உள்ளே தள்ளி இருப்பதை மறைக்க, சக்கரத்துக்கு வெளியே தெரியும் பக்கச் சட்டங்களையும் உள்ளே இழுத்துவிடுகிறீர்கள். சட்டத்தை உரிய அகலத்திலேயே விட்டால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 1.4 மி.மீ. இடம் மிஞ்சும். நீளமான கியர் குழாய் ஒன்றைத் தனியாக விற்றால், கையால் தண்டவாளம் போடுகிற சிலர் அதே எஞ்சினை உண்மையான அகலத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். உங்களுக்குச் செலவு ஒரு சின்ன அச்சுவார்ப்பு.

பெட்டி கோர்க்கும் கப்ளிங்குக்கு என்.இ.எம். 362 (ஐரோப்பிய மாதிரி ரயில் தரம்) பொதியுறை போடுங்கள், உயரத்தை மாற்றாதீர்கள். அவ்வளவுதான். குறைந்தபட்ச வளைவு ஆரத்தை உண்மையாக எழுதுங்கள்: இன்றைய நீளமான எல்.எச்.பி. பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் 270 மி.மீ., வாப் 7 எஞ்சின் 236 மி.மீ. 24 பெட்டி கோர்த்தால் ஆறரை மீட்டரைத் தாண்டும். பத்துக்குப் பதினொன்று அடி அறையில் ஆறேழு பெட்டிதான் ஓடும், அதுவும் 457 மி.மீ. ஆர வளைவில். அங்கே ஓடாது என்றால் வாங்கும் முன்பே தெரிய வேண்டும்.

மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. பாதையில், தாம்பரம் வழியாக ஓடிய மின்சார எஞ்சினான ஒய்.ஏ.எம். 1 ஒன்றைச் செய்ய யாருக்காவது துணிச்சல் உண்டா என்று கேட்கும் ஆசையும் இருக்கிறது. தாம்பரம் பக்கம் வளர்ந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் அது பிறகு.

ஏற்கெனவே விற்ற எஞ்சின்களின் கியர் அளவுகளையும் பாகப் படத்தையும் ஒரே தாளில் போட்டு வெளியிட அடுத்த உற்பத்திக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாப் 7, டபிள்யூடிஎம் 3ஏ இரண்டிலிருந்தும் தொடங்குங்கள். கியரைப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி விலை சொல்லுங்கள், முன்பணம் கட்ட ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரில் மாதிரி ரயில் ஓட்டும் தமிழர்கள்