ரப்பர் பேண்ட் மேஜிக்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பள்ளியில் யார் கையில் ரப்பர் பேண்ட் இருந்தாலும் வாங்கி வையுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னவள் நான்தான். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, ஒன்று பறந்து வந்து பட்டது. அன்றிலிருந்து கட்டொழுங்கு ஆசிரியர் கொண்டுவந்து கொடுத்தவை என் மேசையில் ஒரு மைலோ டின் நிறையச் சேர்ந்துவிட்டன. நாசி லெமாக் பொட்டலத்தில் வந்தவை, தே ஓ ஐஸ் பையைக் கட்டியவை, அக்காவின் சடையிலிருந்து உருவியவை.

அந்த டின்னை இப்போது பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். காரணத்தை நீங்கள் என் வாயாலேயே கேட்க வேண்டும்.

ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுது என்றால் இரண்டாம் முறை பேனாவைத் தொடாத பிள்ளை. கையை மூடுகிறான், திறக்கிறான், தலையை ஆட்டிக்கொள்கிறான், மறுபடி மூடுகிறான். நான் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் இல்லை. பிறகு என்னைப் பார்த்துவிட்டான். டீச்சர் பிடுங்கிவிடுவார் என்ற பயம் முகத்தில் தெரிந்தாலும், "ஒருமுறை பாருங்க டீச்சர்" என்று கையை நீட்டினான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இருந்த ரப்பர் பேண்ட், கையை மூடித் திறந்ததும் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் நடுவே இருந்தும், ஒரு பிள்ளையின் கையை இவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததில்லை.

இது மேஜிக் பழகுகிற பலரும் தொடக்கத்தில் கற்கும் வித்தை. பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். பார்ப்பவருக்குப் புறங்கை மட்டுமே தெரியும்படி கையைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் ரப்பரை இழுத்து, விரல்களை மடக்கும்போது நான்கு நுனிகளையும் அந்த வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். விரலை நீட்டினால் ரப்பர் தானாகவே தாவும். படிக்க எளிது. ஆனால் அந்த நுழைக்கும் அசைவு, சாதாரணமாகக் கையை மூடுவதுபோலவே இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாற்பது முறை. சாய்வாகப் பிடித்த ரப்பரில் மோதிரம் தானாக மேலே ஏறுவதும், கோத்துக்கொண்ட இரண்டு ரப்பர்கள் ஒன்றையொன்று ஊடுருவி வெளியே வருவதும் அடுத்த பாடங்கள். அவற்றின் சூட்சுமம் உங்கள் பிள்ளையிடமே இருக்கட்டும்.

புதன்கிழமைப் புறப்பாட நேரத்தில் இப்போது பதினெட்டுப் பிள்ளைகள் பழகுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்கள் பேசும் பேச்சு. வாய் மூடிச் செய்தால் வித்தை பாதிதான். பார்ப்பவரின் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பேச்சுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் தம் வித்தைக்குத் தமிழில் சொந்தக் கதை எழுத வேண்டும் என்றோம். ஒரு மாணவி இரண்டு விரலைப் பட்டர்வொர்த் என்றாள், மற்ற இரண்டை ஜோர்ஜ்டவுன் என்றாள். ரப்பர் பேண்ட்தான் இரண்டுக்கும் நடுவே கடலில் ஓடும் ஃபெரி. கையை மூடித் திறந்தால் ஃபெரி அக்கரை சேர்ந்துவிடும். கட்டுரை நோட்டில் நான்கு வரி தாண்டாத பிள்ளை, ஃபெரியில் யார் யார் ஏறினார்கள் என்பதற்கே அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர், "இது எங்க பால்மரத்துச் சாமான் ஆச்சே" என்று ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரப்பட்டையைச் சீவி, மங்கு என்னும் கிண்ணங்களில் வடிந்த பாலை எடுத்து, உறைந்துபோன ஒட்டுப்பாலையும் விடாமல் சேர்த்தவர். மறுவாரம் அவரை வகுப்பில் பேச வைத்தோம். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன ரப்பர் விதைகளின் நாற்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூர் வழியாகப் பேராக் மாநிலத்துக் கோலகங்சார் வந்ததையும், அப்போது நட்ட மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்பதையும் ஆசிரியர் சொன்னார். பிள்ளைகள் பாட்டியிடம்தான் அதிகம் கேட்டார்கள். மழை பெய்தால் என்ன செய்வீர்கள், பாம்பு வருமா, கை நாறுமா. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் "அம்மா, இங்க பாருங்க" என்று கையை நீட்டும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு "எப்படிச் செய்தாய், சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். கையைப் பிடித்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். மாமா வந்திருக்கிறார், இன்னொரு தடவை செய் என்றும் கேட்காதீர்கள். ஒரே ஆள் முன்னால் ஒரே வித்தையை உடனே திரும்பச் செய்யக் கூடாது என்பது இந்தக் கலையின் பழைய விதி. பத்து வயதுப் பிள்ளைக்கு, வீட்டில் எல்லாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நிலை அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. தவறிப்போனால் சிரிக்க வேண்டாம். "நாளைக்குக் காட்டு" என்றால் போதும்.

ரப்பரை யார் மீதும் இழுத்து அடிக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. மீறினால் வகுப்பில் இடமில்லை, இதில் நான் இறங்கி வரமாட்டேன். வெடிப்பு விட்ட பழைய ரப்பர் முகத்தருகே அறுந்து தெறிக்கும், எறிந்துவிடுங்கள். விரலில் சுற்றியபடி விடுவதும் தூங்குவதும் கூடாது, இரத்த ஓட்டம் தடைபடும். வாயில் எதையும் போடும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் பெட்டியில் மூடி வையுங்கள். ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பு, தடிப்பு வரும் பிள்ளைகளின் பெற்றோர் எனக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ரப்பர் பாலே ஒவ்வாமை தரக்கூடியது. அவர்களுக்கு நூலிலும் நாணயத்திலும் வித்தை சொல்லிக்கொடுக்கிறோம்.

பொட்டலம் கட்டும் குட்டி ரப்பர் விரலை இறுக்குகிறது. எழுதுபொருள் கடையில் 19ஆம் எண் என்று கேளுங்கள். தட்டையாக வைத்தால் மூன்றரை அங்குல நீளம் இருக்கும், அதுவே பழகச் சரியானது. ஒரு சிறு பொட்டலம் வாங்கினால் நான்கைந்து பிள்ளைகளுக்குப் போதும், தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை.

இந்தத் தவணை முடிவில் அறிக்கை அட்டை வாங்க நீங்கள் வரும் காலையில், சிற்றுண்டிச்சாலை மேசை ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இந்த வித்தையைக் கையெட்டும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். அட்டை வாங்கும் முன்பே வந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பினாங்கு